ஒரே கோப்புக்குப் பல பெயர்கள்: நெட்வொர்க் டிரைவில் சேமிக்கும்போது ஹார்ட் லிங்க் ஏன் அறுந்துபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் சிறு அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வெள்ளிக் கடை, கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி மில், காப்பித் தோட்ட அலுவலகம் என்று இடம் எதுவானாலும் மூலையில் ஒரு லினக்ஸ் சர்வரோ என்.ஏ.எஸ். பெட்டியோ (நெட்வொர்க்கில் மாட்டிய சேமிப்புப் பெட்டி) இருக்கும், நான்கைந்து கணினிகள் அதையே நெட்வொர்க் டிரைவாகப் பயன்படுத்தும். அங்கெல்லாம் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கத்துக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுக் கடை. கிராம் விலை, டச் (வெள்ளியின் தூய்மை), செய்கூலி ஆகியவற்றை எழுதிய 'விலை' என்ற சிறிய உரைக்கோப்பு சர்வரில் இருக்கிறது. கடையின் பில் நிரல் ஒரு ஃபோல்டரிலிருந்தும், சிவதாபுரத்துப் பட்டறையின் கூலிக் கணக்கு இன்னொரு ஃபோல்டரிலிருந்தும் அதைப் படிக்கின்றன. இரண்டு இடத்திலும் ஒரே கோப்பு தெரியட்டும் என்று யாரோ ஹார்ட் லிங்க் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஹார்ட் லிங்க் என்றால் என்ன?

யூனிக்ஸ் வழிவந்த கோப்பு அமைப்புகளில் கோப்பு வேறு, அதன் பெயர் வேறு. உரிமையாளர், அனுமதி, அளவு, நேரம், உள்ளடக்கம் டிஸ்கில் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஆகிய எல்லாம் ஐநோடு என்ற எண்ணிட்ட பதிவில் இருக்கின்றன. ஃபோல்டரில் இருப்பது 'இந்தப் பெயருக்கு இந்த ஐநோடு' என்ற ஒரு வரி மட்டுமே. ஒரே ஐநோடை இரண்டு வரிகள் சுட்டினால் அந்தக் கோப்புக்கு இரண்டு ஹார்ட் லிங்குகள். எது அசல், எது இணைப்பு என்ற பேதமே கிடையாது. இரண்டும் சம உரிமையுள்ள பெயர்கள்.

கடைவீதியில் ஒரு வாசலும் பின்சந்தில் ஒரு வாசலும் வைத்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் நுழைந்தாலும் அதே கூடம்தான்.

எத்தனை பெயர்கள் தன்னைச் சுட்டுகின்றன என்ற எண்ணிக்கையையும் ஐநோடு வைத்திருக்கிறது. ஒரு பெயரை அழித்தால் எண்ணிக்கை ஒன்று குறையும். அது 0 ஆகி, எந்த நிரலும் கோப்பைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால்தான் கோப்பு உண்மையில் போகும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் அமைப்பிலும் இதே ஏற்பாடு உண்டு. அங்கே ஒரு கோப்புக்கு 1,024 பெயர்கள் வரை வைக்கலாம். லினக்ஸின் இஎக்ஸ்டி4 அமைப்பில் உச்சவரம்பு 65,000. பென் டிரைவுகளில் வரும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவற்றில் ஹார்ட் லிங்க் கிடையாது.

காலையில் விலையை மாற்றிச் சேமித்தேன். கடை பில்லில் புதிய விலை வருகிறது. பட்டறைக் கணக்கில் நேற்றைய விலையே நிற்கிறது. கோப்பு ஒன்றுதானே?

சேமிக்கும் வரை ஒன்றாக இருந்தது. சேமித்த நொடியில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. இந்தப் பக்கத்தின் மையமே இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

'சேமி' என்று நீங்கள் அழுத்தும்போது எடிட்டர் செய்யும் வேலை எல்லா எடிட்டரிலும் ஒன்றல்ல. பெரும்பாலும் நான்கு வழிகள் உண்டு.

முதல் வழி, இருக்கும் கோப்பின் மேலேயே எழுதுவது. எடிட்டர் கோப்பைத் திறந்து, நீளத்தை 0 ஆக்கி, புதிய உள்ளடக்கத்தை முதலிலிருந்து எழுதும். ஐநோடு மாறாது. எல்லாப் பெயர்களிலும் புதிய விலை தெரியும்.

இரண்டாவது வழியில் புதிய உள்ளடக்கம் முதலில் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதப்படும். அது டிஸ்கில் முழுதாக இறங்கிய பிறகு, தற்காலிகக் கோப்புக்கு 'விலை' என்று பெயர் மாற்றப்படும். பெயர் மாற்றம் பழைய வரியை நீக்கி அதே இடத்தில் புதிய ஐநோடைச் சுட்டும் வரியை வைக்கிறது. நீங்கள் திறந்த பெயர் இப்போது புதிய ஐநோடுக்குப் போகிறது. பட்டறை ஃபோல்டரில் இருக்கும் பெயரோ பழைய ஐநோடிலேயே நிற்கிறது. கடைவீதி வாசலுக்குப் பின்னால் புது வீடு கட்டியாகிவிட்டது; சந்து வாசல் இன்னும் பழைய வீட்டுக்குத்தான் திறக்கிறது.

மூன்றாவது வழி, பழைய கோப்பையே பெயர் மாற்றி பேக்கப் ஆக்கிவிட்டு, 'விலை' என்ற பெயரில் புதிய கோப்பை உருவாக்குவது. இதில் இன்னொரு விபரீதம் உண்டு. மற்ற ஃபோல்டர்களில் இருந்த பெயர்கள் இப்போது உங்கள் பேக்கப் கோப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

நான்காவது வழி, பழைய உள்ளடக்கத்தை பேக்கப்பாக நகலெடுத்து வைத்துவிட்டு, அசல் கோப்பின் மேலேயே எழுதுவது. வேலை இரட்டிப்பு, ஆனால் லிங்க் நிலைக்கும்.

உங்கள் எடிட்டர் இரண்டாவது வழியிலோ மூன்றாவது வழியிலோ சேமித்திருக்கிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் எடிட்டரைப் பொறுத்தவரை சேமிப்பு வெற்றி. வருத்தம் என்னவென்றால், இரண்டு கோப்புகளும் தத்தம் இடத்தில் சரியாகவே தெரியும். பட்டறைக்காரர் மாலையில் கூலி கணக்குப் போட்டுப் பார்க்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

லிங்கை அறுக்கும் அந்த வழியை எதற்காக வைத்திருக்கிறார்கள்?

மின்சாரத்துக்காக என்று சொல்லலாம். ஏற்காட்டில் கோடை இடி இறங்கும் ஒரு மாலையை நினைத்துப் பாருங்கள். தோட்ட அலுவலகத்தில் ஒருவர் ஆள்வருகைப் பட்டியலைச் சேமிக்கிறார். எடிட்டர் முதல் வழியில் எழுதுகிறது: நீளத்தை 0 ஆக்கியாயிற்று, எழுதத் தொடங்கும் முன் கரண்ட் போய்விட்டது. பழைய பட்டியலும் இல்லை, புதியதும் இல்லை. வெற்றுக் கோப்புதான் மிஞ்சும். டிஸ்க் நிறைந்துபோனாலும் மலைக்கும் ஊருக்கும் இடையே நெட்வொர்க் அறுந்தாலும் இதே கதிதான்.

பெயர் மாற்றும் வழியில் அந்த ஆபத்து இல்லை. எந்தக் கணத்தில் பார்த்தாலும் 'விலை' என்ற பெயரில் பழையது முழுதாக இருக்கும், அல்லது புதியது முழுதாக இருக்கும். கடையின் பில் நிரலுக்கும் இதில் லாபம் உண்டு. மேலேயே எழுதும் வழியில், நீளம் 0 ஆன இடைவெளியில் நிரல் கோப்பைப் படித்தால் விலையே இல்லாத கோப்பைப் படிக்கும்.

ஆக, இது எடிட்டர் எழுதியவர்களின் அலட்சியம் அல்ல. உள்ளடக்கத்தைக் காப்பாற்றுவதா, கோப்பின் அடையாளத்தைக் காப்பாற்றுவதா என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதே ஐநோடை வைத்துக்கொண்டு அதன் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே அடியில் மாற்றும் வசதி சாதாரண எடிட்டரின் கைக்கு எட்டும்படி இல்லை. பெயரை மட்டும்தான் அப்படி ஒரே அடியில் மாற்ற முடியும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நான்காவது வழி அளவுக்குத்தான் கிடைக்கும். அங்கேயும் எழுதும்போது தடங்கல் வந்தால் கோப்பு கெடும், ஆனால் பேக்கப் பக்கத்திலேயே இருக்கும்.

எந்த எடிட்டர் எந்த வழியில் சேமிக்கிறது?

விம் எடிட்டரில் 'பேக்கப்காப்பி' என்ற அமைப்பு இதைத் தீர்மானிக்கிறது. வழக்கமான மதிப்பு 'ஆட்டோ'. சேமிக்கும் முன் விம் கோப்பின் லிங்க் எண்ணிக்கையைப் பார்க்கும். ஒன்றுக்கு மேல் இருந்தால் நகலெடுத்துவிட்டு மேலேயே எழுதும். இல்லையென்றால் பெயர் மாற்றும் வழியில் போகும். 'யெஸ்' என்று வைத்தால் எப்போதும் நகல் வழிதான். லிங்கை அறுக்கத்தான் வேண்டும் என்பவர்களுக்கு 'பிரேக்ஹார்ட்லிங்க்' என்ற மதிப்பும் தனியாக இருக்கிறது. இந்த விஷயத்தை இவ்வளவு பொறுப்பாக யோசித்த எடிட்டர் வேறு இல்லை என்பது என் கருத்து.

ஈமாக்ஸ் வழக்கமாக மூன்றாவது வழியில் போகும். கோப்பைத் திறந்து முதல் முறை சேமிக்கும்போது பழைய கோப்பு, பெயரின் கடைசியில் அலைக்குறியோடு, பேக்கப்பாக மாறும். அசல் பெயரில் புதிய கோப்பு பிறக்கும். அதே அமர்வில் அடுத்தடுத்த சேமிப்புகளுக்கு பேக்கப் எடுப்பதில்லை என்பதால் அவை லிங்கைத் தொடுவதில்லை. அதாவது சேதம் முதல் சேமிப்பிலேயே முடிந்துவிடுகிறது. இதைத் தடுக்க 'பேக்கப்-பை-காப்பியிங்-வென்-லிங்க்டு' என்ற மாறியை இயக்கினால் போதும். ஈமாக்ஸில் 'ஃபைல்-பிரஷஸ்-ஃபிளாக்' என்று இன்னொரு மாறியும் உண்டு. அதை இயக்கினால் தற்காலிகக் கோப்பு வழியே கட்டாயம். ஹார்ட் லிங்க் ஒவ்வொரு சேமிப்பிலும் அறும்.

நானோ மேலேயே எழுதும். விண்டோஸ் நோட்பேட், விஎஸ் கோட் இரண்டும் வழக்கமாக அப்படியே. சப்ளைம் டெக்ஸ்டில் 'அட்டாமிக் சேவ்' என்ற அமைப்பு உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் லிங்க் போகும்.

ஜிஎடிட் போன்ற க்னோம் நிரல்கள் பயன்படுத்தும் ஜிஐஓ நூலகம், லோக்கல் டிஸ்கில் விம் போலவே சோதிக்கும்: லிங்க் இருப்பது தெரிந்தால் பெயர் மாற்றும் வழியை விட்டுவிடும்.

மைக்ரோசாஃப்ட் வேர்ட் தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றும் வகை. உரை எடிட்டர் இல்லைதான். ஆனாலும் ஹார்ட் லிங்க் போட்ட கோப்பை வேர்டில் திறப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

எடிட்டர்களைவிட நான் அதிகம் பயப்படுவது, உரையைத் தானாகத் திருத்தும் 'செட்' கட்டளையின் '-ஐ' விருப்பத்துக்கு. 'இடத்திலேயே மாற்றுகிறேன்' என்று பெயர் சொல்லிக்கொண்டு, உள்ளே தற்காலிகக் கோப்பு எழுதிப் பெயர் மாற்றுகிறது. ஒரு ஃபோல்டர் முழுவதும் அதை ஓட்டினால் அத்தனை லிங்குகளும் ஒரே வரிக் கட்டளையில் போய்விடும்.

நெட்வொர்க் டிரைவ் என்றால் என்ன மாறுகிறது?

ஐநோடு இருப்பது சர்வரில். எடிட்டர் ஓடுவது உங்கள் கணினியில். இடையில் இருக்கும் நெறிமுறை எதைச் சொல்கிறதோ அதைத்தான் எடிட்டர் நம்ப வேண்டும். விம் எவ்வளவு கவனமாக லிங்க் எண்ணிக்கையைப் பார்த்தாலும், வரும் எண்ணே தவறாக இருந்தால் என்ன செய்யும்?

லினக்ஸ் கணினிகளிடையே கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் நெறிமுறை இதில் நேர்மையானது. லிங்க் போடும் செயல் அதன் நெறிமுறையிலேயே இருக்கிறது. எண்ணிக்கையும் ஐநோடு எண்ணும் சர்வரில் உள்ளபடியே வரும். ஆனால் கிளையன்ட், அதாவது சர்வரின் டிரைவைப் பயன்படுத்தும் கணினி, கோப்பின் விவரங்களைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். லினக்ஸில் சாதாரணக் கோப்புகளுக்கு இது இயல்பாக 3 முதல் 60 விநாடி வரை. பக்கத்து மேசைக்காரர் இப்போதுதான் லிங்க் போட்டிருந்தால் உங்கள் எடிட்டருக்கு அது உடனே தெரியாமல் போகலாம்.

எஸ்எம்பி, அதாவது விண்டோஸ் பகிர்வும், அதையே லினக்ஸ் சர்வரில் தரும் சாம்பாவும், நடுத்தரம். லினக்ஸ் கணினியில் இந்தப் பகிர்வை சிஐஎஃப்எஸ் முறையில் மவுன்ட் செய்யும்போது (டிரைவாக இணைக்கும்போது) 'சர்வர்இனோ' என்ற விருப்பம் இயல்பாகவே இயங்கும். சர்வர் தரும் ஐநோடு எண்கள் அப்படியே தெரியும். யாராவது 'நோசர்வர்இனோ' என்று போட்டிருந்தால் கிளையன்ட் தானே எண்களை உருவாக்கிக்கொள்ளும். ஒரே கோப்பின் இரண்டு பெயர்களுக்கு இரண்டு எண்கள் தெரியும். அந்த நிலையில் இரண்டும் ஒன்றா என்பதைக் கிளையன்ட் பக்கமிருந்து சொல்ல வழியில்லை.

விண்டோஸ் சர்வரில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பில் கணினி கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது அதன் பெயர்மேல் வேறொன்றைப் பெயர் மாற்றி வைக்க சர்வர் மறுக்கலாம். அப்போது எடிட்டர் 'வேறு நிரல் பயன்படுத்துகிறது' என்று நின்றுவிடும். தற்காலிகக் கோப்பு மட்டும் ஃபோல்டரில் அனாதையாகக் கிடக்கும்.

எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலைநுழைவு வழியாக டிரைவை இணைக்கும் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்தான் அதிகம் ஏமாற்றுவது. வீட்டிலிருந்தோ மலையிலிருந்தோ சர்வரை எளிதாக மவுன்ட் செய்ய முடிவதால் பலருக்கும் பிடித்த வழி. அதன் வழியாகப் பார்த்தால் ஹார்ட் லிங்குகள் எப்போதும் தனித்தனிக் கோப்புகளாகத்தான் தெரியும். ஐநோடு எண்கள் வேறு வேறு, லிங்க் எண்ணிக்கை எப்போதும் 1. அதன் ஆவணமே இதை ஒளிக்காமல் சொல்கிறது.

அப்படியானால் கடையில் உட்கார்ந்து விம்மில் சேமித்தால் லிங்க் நிற்கிறது, ஏற்காட்டிலிருந்து அதே விம்மில் சேமித்தால் அறுகிறது. இதற்கும் அதுதான் காரணமா?

அதேதான். கடையில் என்எஃப்எஸ் வழியாக விம்முக்கு '2' என்று தெரிந்தது. நகல் வழியில் போனது. மலையில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் '1' என்று சொன்னது. காப்பாற்ற ஒன்றுமில்லை என்று எண்ணிப் பெயர் மாற்றும் வழியில் போனது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அங்கிருக்கும் கணினியைப் பழுது பார்த்து இதைத் தீர்க்க முடியாது. அந்தக் கணினியில் பழுதே இல்லை.

இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, அந்தக் கணினியின் விம்மில் 'பேக்கப்காப்பி' மதிப்பை 'யெஸ்' என்று நிரந்தரமாக வைப்பது. எண்ணிக்கை எதுவாகத் தெரிந்தாலும் மேலேயே எழுதும். இணைப்பு பாதியில் அறுந்தால் கோப்பு கெடும் ஆபத்து இதில் கூடுகிறது என்பதை மறக்க வேண்டாம். எனவே விம்மின் பேக்கப் அமைப்பையும் சேர்த்து இயக்கிவிடுவேன்.

இன்னொன்று, நான் எப்போதும் முதலில் சொல்வது: டிரைவை மவுன்ட் செய்யாமல் எஸ்எஸ்ஹெச் வழியாக சர்வருக்குள் நுழைந்து, அங்கேயே எடிட்டரை ஓட்டுவது. எடிட்டர் ஐநோடுக்குப் பக்கத்தில் இருக்கும். எண்ணிக்கை உண்மையாகத் தெரியும். எழுதும் வேலை நெட்வொர்க்கைத் தாண்டாது. மழையில் இணைப்பு போனாலும் பாதி எழுதிய கோப்பு மிஞ்சாது. விஎஸ் கோட் பயன்படுத்துபவர்களுக்கு அதன் ரிமோட் எஸ்எஸ்ஹெச் நீட்சி இதே பலனைத் தருகிறது.

லிங்க் நிற்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சர்வரில் சோதியுங்கள், கிளையன்டில் அல்ல. 'எல்எஸ்' கட்டளையை '-எல்ஐ' விருப்பங்களோடு ஓட்டினால் வரியின் தொடக்கத்தில் ஐநோடு எண்ணும், அனுமதிகளுக்கு அடுத்து லிங்க் எண்ணிக்கையும் வரும். இரண்டு பெயர்களுக்கும் ஒரே ஐநோடு எண் வந்தால் ஒரே கோப்பு. சோதனைக்காக உருவாக்கிய ஒரு கோப்புக்கு லிங்க் போட்டு, உங்கள் கணினியில் உங்கள் எடிட்டரில் திறந்து ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்து, சர்வரில் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால் அறுந்துவிட்டது. ஈமாக்ஸைப் பற்றிச் சொன்னதை நினைவில் வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் எடிட்டரை மூடித் திறக்க வேண்டும்.

ஒரு கோப்பின் மற்றப் பெயர்கள் எங்கே இருக்கின்றன என்று தேட 'ஃபைண்ட்' கட்டளையின் 'சேம்ஃபைல்' விருப்பம் உதவும். விண்டோஸில் 'எஃப்எஸ்யூட்டில் ஹார்ட்லிங்க் லிஸ்ட்' என்ற கட்டளை அதே பட்டியலைத் தரும்.

ஃபோல்டரில் 4913 என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றி உடனே மறைகிறதே, வைரஸா?

இல்லை. அந்த ஃபோல்டரில் சரியான உரிமையாளர் பெயரில் கோப்பு உருவாக்க முடியுமா என்று விம் சோதித்துப் பார்க்கும்போது வைக்கும் தற்காலிகப் பெயர் அது. சோதித்தவுடன் அழித்துவிடும்.

'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பிழை எதனால்?

என்எஃப்எஸ் கிளையன்ட் கோப்பைப் பெயரால் பிடித்துக்கொண்டிருப்பதில்லை. ஐநோடோடு கட்டிய ஒரு கைப்பிடியால் பிடித்திருக்கும். உங்கள் எடிட்டர் பெயர் மாற்றும் வழியில் சேமித்து, பழைய ஐநோடுக்கு வேறு பெயரும் இல்லையென்றால் சர்வர் அதை அழித்துவிடும். அந்த நேரத்தில் இன்னொரு கணினி அதைத் திறந்து வைத்திருந்தால், அடுத்து படிக்கும்போது இந்தப் பிழை வரும். நிரலை மூடி மறுபடி திறந்தால் சரியாகும். அதே கணினியே கோப்பைத் திறந்து வைத்திருந்தால் கதை வேறு: கிளையன்ட் பழைய கோப்பை அழிக்காமல் '.என்எஃப்எஸ்' என்று தொடங்கும் மறைபெயருக்கு மாற்றி வைக்கும். அவற்றைக் கையால் அழிக்க வேண்டாம்; நிரல் மூடியதும் தானே போகும்.

கோப்புக்கு எழுதும் அனுமதி இல்லாத ஊழியர் எப்படி அதை மாற்றினார்?

பெயர் மாற்றும் வழிக்குக் கோப்பின் அனுமதி தேவையில்லை. ஃபோல்டரில் எழுதும் அனுமதி இருந்தால் போதும். படிக்க மட்டும் அனுமதி உள்ள கோப்பைத் திறந்து, 'கட்டாயம் சேமி' என்று சொன்னால் சில எடிட்டர்கள் புதிய கோப்பை அந்தப் பெயரில் வைத்துவிடும். உரிமையாளர் மாறியிருக்கும், லிங்கும் போயிருக்கும். விலைக் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் அனுமதியை இறுக்குங்கள். கோப்பின் அனுமதியை மட்டும் இறுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பது பலர் செய்யும் தவறு.

லிங்க் அறாமல் இருந்தால் எப்போதும் நல்லதுதானே?

இல்லை. இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை. ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையின் 'லிங்க்-டெஸ்ட்' விருப்பத்தையோ ஆர்ஸ்னாப்ஷாட் நிரலையோ பயன்படுத்தி தினசரி பேக்கப் எடுப்பவர்கள் பலர். மாறாத கோப்புகளை மறுபடி நகலெடுக்காமல், நேற்றைய பேக்கப்பில் இருப்பதற்கே ஹார்ட் லிங்க் போடுவதுதான் அதன் சிக்கனம். மூன்று மாதமாக மாறாத ஒரு பேரேடு இருக்கிறதென்றால், மூன்று மாதத்துப் பேக்கப் ஃபோல்டர்களிலும் தெரிவது ஒரே ஐநோடு.

இப்போது யாரோ பேக்கப் டிரைவைத் திறந்து, நேற்றைய பேரேட்டை நோட்பேடில் பார்க்கிறார். ஒரு வரியைத் திருத்திச் சேமிக்கிறார். நோட்பேட் மேலேயே எழுதும். மூன்று மாதத்துப் பேக்கப்பும் ஒரே நொடியில் திருத்தப்பட்டுவிட்டது. பழைய வரி எந்த நாளின் ஃபோல்டரிலும் இல்லை. விலைக் கோப்பில் நாம் விரும்பிய அதே குணம் இங்கே பேக்கப்பை விழுங்கிவிடுகிறது.

பேக்கப் பகிர்வை நெட்வொர்க்கில் காட்டுவதாக இருந்தால், படிக்க மட்டும் அனுமதியோடு காட்டுங்கள். அலுவலகத்தின் உரிமையாளரே கேட்டாலும் நான் எழுதும் அனுமதி கொடுப்பதில்லை.

ஹார்ட் லிங்குக்குப் பதிலாக சிம்லிங்க் போட்டால்?

விலைக் கோப்பு போல ஆட்கள் கையால் திருத்தும் கோப்புகளுக்கு அதுவே மேல் என்பது என் முடிவு. சிம்லிங்க் பாதையைச் சுட்டுகிறது, ஐநோடைச் சுட்டுவதில்லை. அசல் பெயரில் திறந்து எந்த வழியில் சேமித்தாலும் சிம்லிங்க் புதிய கோப்பைக் கண்டுபிடித்துவிடும். சிம்லிங்க் பெயரில் திறந்து சேமிக்கும்போதுதான் எச்சரிக்கை தேவை: நல்ல எடிட்டர்கள் அசல் கோப்புக்குப் போய் எழுதும், 'செட் -ஐ' மட்டும், தனி விருப்பம் கொடுக்காவிட்டால், சிம்லிங்கையே எடுத்துவிட்டு அங்கே ஒரு சாதாரணக் கோப்பை வைத்துவிடும்.

நெட்வொர்க்கில் இன்னொரு நுணுக்கம். என்எஃப்எஸ்ஸில் சிம்லிங்கின் பாதையைத் தேடிப்போவது கிளையன்ட். சர்வரில் முழுப் பாதையோடு போட்ட சிம்லிங்க், அந்தப் பாதை இல்லாத கிளையன்டில் எங்கும் போகாது. ஆகவே சார்புப் பாதை கொடுங்கள். சாம்பாவில் தேடிப்போவது சர்வர். பகிர்வுக்கு வெளியே போகும் சிம்லிங்கை அது இயல்பாக அனுமதிக்காது.

இதைவிட எளிய வழியும் உண்டு. பில் நிரலிலும் கூலிக் கணக்கிலும் விலைக் கோப்பு இருக்கும் பாதையை மாற்ற முடியுமா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே பாதைக்குத் திருப்பினால் லிங்கே தேவைப்படாது. ஹார்ட் லிங்கை, யாரும் திருத்தாத கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்கேன் செய்த ரசீதுகள், புகைப்படங்கள், பேக்கப்.

இரண்டு பகிர்வுகளுக்கு இடையே ஹார்ட் லிங்க் போட முடியவில்லையே?

ஹார்ட் லிங்க் ஒரே கோப்பு அமைப்புக்குள் மட்டும்தான் முடியும். லினக்ஸின் பிடிஆர்எஃப்எஸ் அமைப்பில் சப்வால்யூம்கள் என்ற உட்பிரிவுகளுக்கு இடையேகூட முடியாது. சில என்.ஏ.எஸ். பெட்டிகளில் ஒவ்வொரு பகிர்வும் தனி சப்வால்யூம் என்பதால், ஒரே டிஸ்கில் இருப்பதுபோல் தெரிந்தும் மறுப்பு வரும்.

அறுந்த லிங்கை மறுபடி சேர்ப்பது எப்படி?

அவசரப்பட்டு லிங்க் போடாதீர்கள். பிரிந்த பிறகு இரண்டு பக்கத்திலும் யாராவது திருத்தியிருக்கலாம். கடையில் விலையை மாற்றியிருப்பார்கள், பட்டறையில் செய்கூலியை மாற்றியிருப்பார்கள். இரண்டையும் நகலெடுத்து ஓரமாக வைத்துவிட்டு, 'டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டு, எது சரி என்று சம்பந்தப்பட்ட இருவரையும் கேட்டு ஒரு கோப்பாக்குங்கள். பிறகு சர்வரில், இரண்டு பக்கத்து நிரல்களும் மூடியிருக்கும் நேரத்தில், 'எல்என்' கட்டளையை '-எஃப்' விருப்பத்தோடு ஓட்டினால் மற்றப் பெயர் சரியான ஐநோடுக்குத் திரும்பும்.

ஈமாக்ஸால் அறுந்திருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மற்றப் பெயர் அலைக்குறி போட்ட பேக்கப்போடு ஒட்டியிருக்கும் என்று சொன்னேன். அடுத்த அமர்வில் ஈமாக்ஸ் புதிய பேக்கப் எடுக்கும்போது அந்த ஒட்டும் போய்விடும். அதன் பிறகு பட்டறைப் பெயர், முதல் முறை பிரிந்த நாளின் விலையோடு அப்படியே உறைந்து நிற்கும். பேக்கப்பின் தேதியைப் பார்த்து 'நேற்றுத்தான் பிரிந்தது' என்று முடிவு செய்யாதீர்கள்.

மறுபடி பிரிந்தால் உடனே தெரிய வேண்டுமென்றால், ஷெல்லின் 'டெஸ்ட்' கட்டளையில் '-இஎஃப்' என்ற ஒப்பீடு இருக்கிறது. இரண்டு பெயர்களும் ஒரே ஐநோடுதானா என்று மட்டும் சொல்லும். அதை ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானில் போட்டு, கடை திறப்பதற்கு முன் தினமும் சர்வரில் ஓடவிடுங்கள்; பிரிந்திருந்தால் கணக்குப் பார்ப்பவருக்கு ஒரு மின்னஞ்சல் போகும்படி செய்யுங்கள்.